ரோமக் காவியத்துக்கு நான் போட்ட ஏழு

டென்மார்க்கில் படிப்பிக்கும் நம் இளம் ஆசிரியர்களே, உங்களில் சிலர் வருகிற ஜூன் மாதம் முதன்முறையாகச் சென்சராகப் போகிறீர்கள் என்று அறிந்தேன். இன்னொரு ஊர்ப் பள்ளிக்குப் போய், அங்கே படிப்பிக்கும் ஆசிரியருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய மாணவர்களின் வாய்மொழிச் சோதனைக்கு வெளியாளாகப் புள்ளி போடும் வேலை. ஜிம்னேசியம் என்கிற உயர்தரப் பள்ளியில் லத்தீனும் பண்டைய கிரேக்க, ரோமப் பாடமும் படிப்பித்த காலம் முழுக்க, ஏறக்குறைய எல்லாக் கோடையிலும் நான் அந்த வேலையைச் செய்தேன். ஜூட்லாந்தில் நான் கோப்பி குடிக்காத பள்ளிகள் மிகக் குறைவு. இப்போது ஓய்வு பெற்று வைலேயில் இருக்கிறேன்.

"ரீச்சர், எங்களுக்குப் பிரயோசனமா ஏதும் எழுதித் தாங்கோவன்" என்று கேட்டீர்கள். விதிகளைப் பற்றி எழுத மாட்டேன். அவை அமைச்சின் இணையப்பக்கத்தில் இருக்கின்றன, என்னைவிட நீங்கள் அவற்றை நன்றாகத் தேடுவீர்கள். நான் செய்த ஒரு பிழையைப் பற்றி எழுதுகிறேன். என்னோடு வேலை செய்த டெனிஷ்காரர் ஒருவரும் இந்தப் பிழையைச் செய்திருக்க மாட்டார்கள். நீங்கள் செய்யக்கூடும், அதனால்தான் தமிழில் எழுதுகிறேன்.

முதலில் என்னை இந்த வேலைக்குப் பழக்கியவரைப் பற்றிக் கொஞ்சம். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்கு அது பிடிக்காது. கடுகடுப்பான மனிதர். நான் சென்சராகப் போன முதல் கோடையில் என் குறிப்புத் தாளை வாங்கிப் பார்த்தார். "நன்று", "மேலோட்டம்", "குழப்பம்" என்று அழகாக எழுதி வைத்திருந்தேன். எல்லாவற்றையும் ஒரு கோட்டால் வெட்டிவிட்டு, "பிள்ளை என்ன சொன்னது என்பதை எழுது. நீ என்ன நினைத்தாய் என்பதை எழுதாதே, அது பிழையாக இருக்கலாம்" என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் அன்றிலிருந்து அப்படியே எழுதிப் பழகினேன். பின்னால் ஒரு நாள் அந்தப் பழக்கம் ஒன்றுதான் என்னைக் காப்பாற்றியது.

ரோமக் காவியம் என்றால் பெரும்பாலான பிள்ளைகள் சோதனையில் ஒரு பட்டியலை ஒப்புவிப்பார்கள். கலைத்தெய்வத்தை அழைத்துத் தொடங்குவது, கதையை நடுவிலிருந்து பிடிப்பது, தேவர்கள் குறுக்கே வருவது, தலைவன் இறந்தவர்களின் உலகத்துக்குப் போய்வருவது, பத்து வரி நீளமான உவமை, படைகளின் அணிவகுப்பு. கிரேக்கரிடமிருந்து எடுத்ததை ரோமர் மறைக்கவில்லை, அப்படி எடுப்பதே மரியாதை என்று நினைத்தார்கள் என்பதை விளக்க டெனிஷ் வகுப்பில் எனக்கு அரை மணித்தியாலம் பிடிக்கும். தமிழில் "வழிநூல்" என்று சொன்னால் முடிந்தது. கடவுள் வாழ்த்தும் அவையடக்கமும் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் பாதி வீட்டுச் சாமான். ஆனால் பல வருடம் நான் அந்தப் பாதியை வகுப்பறைக்கு வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன். தமிழச்சி லத்தீன் படிப்பிக்கிறாளாம் என்று கேட்டாலே புருவம் உயர்த்துகிற காலத்தில் தொடங்கியவள் நான். டெனிஷ்காரரைவிட டெனிஷாகப் படிப்பித்தேன்.

அந்தப் பழக்கத்தோடுதான் ஒரு ஜூன் காலை எஸ்பியர்க்குக்குப் போனேன்.

வைலேயில் முதல் ரயிலைப் பிடித்து, பிரெடெரிசியாவில் மாறி, ஒன்றும் சாப்பிடாமல் போய்ச் சேர்ந்தேன். அந்தப் பள்ளியின் ஆசிரியர் ஹென்ரிக் ஐம்பது வயது மதிக்கத்தக்க, நிதானமான ஆள். காலை ஆறு பேரைக் கேட்டோம். ஏழாவதாக வரவேண்டியவளின் பெயர் பட்டியலில் கீர்த்தனா என்று இருந்தது. தமிழ்ப் பிள்ளை என்பது காலையிலேயே தெரியும். அதில் ஒரு சிக்கலும் இல்லை. உறவென்றால் விலக வேண்டும், ஒரே மொழிக்காக விலகத் தேவையில்லை.

ஆறாவது பிள்ளை போனதும் பத்து நிமிட இடைவேளை. தண்ணீர் குடிக்க நடைவழிக்கு வந்தேன். அங்கே சுவரோரமாக ஒரு பெண் நின்றார். கையில் டெனிஷ் சின்னக்கொடி இரண்டு, கதிரையில் பள்ளி முடிக்கும் மாணவருக்கான வெள்ளைத் தொப்பி, நெஞ்சோடு அணைத்த ஒரு பிளாஸ்டிக் பெட்டி. கடைசிச் சோதனை முடித்து வெளியே வரும் பிள்ளைக்கு வீட்டார் தொப்பி போட்டுவிடுவது இங்கே வழக்கம். அதற்காக வந்து காத்திருக்கிறார் என்று பார்த்ததும் விளங்கியது. அவர் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"நீங்கள் தமிழோ, அக்கா?"

"ஓம்."

"எனக்குக் கண்ட உடனே விளங்கீட்டுது. இஞ்ச படிப்பிக்கிறீங்களோ? எந்த இடம் நீங்கள்?"

கொக்குவில் என்றேன். அவர் நெல்லியடி, கணவர் கொக்குவிலாம். கணவர் துறைமுகத்தில் வேலையில் நிற்கிறார், லீவு கிடைக்கவில்லை. தான் முதியோர் இல்லத்தில் வேலை, இன்றைக்கு வேலை முறையை வேறொருவரோடு மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். பெயர் சுகந்தி. இவ்வளவும் ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்தார். நம்மவர்களுக்கு இது பெரிய வேகமில்லை.

"மகள் ஆயத்தம் செய்யிற அறையில இருக்கிறாள். கடைசிச் சோதனை. அவளுக்கு மருத்துவிச்சிப் படிப்புக்குத்தான் விருப்பம் அக்கா, சின்னனிலயிருந்து அதே கதைதான். சராசரி மட்டுமட்டா நிக்குது. இண்டைக்குக் குறைஞ்சது பத்து வந்தாத்தான் இந்த வருசம் இடம் கிடைக்குமாம். பன்னிரண்டு வந்தாச் சொல்ல வேண்டியதில்லை."

பன்னிரண்டுதான் இங்கே அதியுயர் புள்ளி, அதற்குக் கீழே பத்து, பிறகு ஏழு என்பது உங்களுக்குத் தெரியும். அவர் அதைச் சொன்ன இடத்தில்தான் நான் வாய் திறந்திருக்க வேண்டும். "நான் இன்றைக்கு இங்கே சென்சர்" என்று நாலு சொல். சொல்லவில்லை. அவருடைய முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கலைக்க மனம் வரவில்லை என்பது ஒரு காரணம். பதில் சொல்லத் தாமதித்தபின் சொன்னால் ஒளித்ததுபோல் ஆகும் என்பது இரண்டாவது. நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே அவர் பெட்டியைத் திறந்தார். மட்டன் றோல்ஸ். வாசம் நடைவழி முழுக்கப் போனது.

"விடிய எழும்பிச் செய்தனான். இன்னும் சூடு ஆறேல்ல. ஒண்டு எடுங்கோ அக்கா."

"வேண்டாம், இப்ப வேலை நேரம்" என்றேன்.

"ஒண்டாவது எடுக்கவேணும். இல்லாட்டி எனக்கு மனம் சரிவராது."

எடுத்தேன். அப்படி நீட்டினதை மறுப்பது எப்படி என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. உங்களுக்கும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். நின்ற நிலையிலேயே முழுவதையும் சாப்பிட்டேன். நல்ல றோல்ஸ், மிளகு அளவாகப் போட்டது. கையைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது சோதனை அறைக் கதவின் கண்ணாடி வழியாக ஹென்ரிக் எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போய் உட்கார்ந்தேன். அப்போதும் நேரம் இருந்தது. "ஹென்ரிக், அடுத்த மாணவியின் தாயோடு கதைத்துவிட்டேன், அவர் தந்ததைச் சாப்பிட்டும்விட்டேன், நான் யாரென்று அவருக்குத் தெரியாது" என்று சொல்லியிருக்கலாம். அவர் பேனாவை மூடித் திறந்துகொண்டு இருந்தார். நான் என் தாள்களை அடுக்கினேன். பிள்ளை உள்ளே வந்துவிட்டாள்.

அவளுக்குச் சீட்டில் விழுந்த பகுதி நாங்கள் எல்லோரும் அதிகம் படிப்பிக்கிற பகுதி. நகரம் எரிகிறது, தலைவன் வயதான தகப்பனைத் தோளில் ஏற்றிக்கொண்டு, சின்ன மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறான். இதற்கு எல்லா வகுப்பறையிலும் ஒரே படம்தான் கரும்பலகையில் ஏறும். மேலே தகப்பன், அது இறந்தகாலம். நடுவில் தலைவன், நிகழ்காலம். கீழே மகன், எதிர்காலம். கடமை என்ற ரோமக் கருப்பொருள் மூன்று தலைமுறையாக நடந்து போகிறது என்போம். நானும் எத்தனையோ தரம் அதை வரைந்திருக்கிறேன்.

கீர்த்தனா அந்தப் படத்தை ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்தாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு டெனிஷில் இப்படிச் சொன்னாள். என் குறிப்பிலிருந்து தமிழாக்கி எழுதுகிறேன்.

"எல்லோரும் அவனுடைய தோளைப் பார்க்கிறார்கள். நான் கையைப் பார்த்தேன். வீட்டுத் தெய்வங்களை அவன் தூக்கவில்லை. அவற்றைக் கையில் எடுக்கும்படி தகப்பனிடம்தான் சொல்கிறான். தான் கொலைக்களத்திலிருந்து வருகிறேன், ஓடுகிற தண்ணீரில் கழுவும்வரைக்கும் தொடக்கூடாது என்கிறான். தகப்பனைச் சுமக்க அவனுக்குத் தகுதி இருக்கிறது, தெய்வத்தைத் தொட இல்லை. எங்கள் வீட்டில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது, துடக்கு. எங்கள் பெரியப்பா இறந்தபோது அப்பா முப்பத்தொரு நாளும் சாமி அலுமாரியைத் திறக்கவில்லை. அப்போது எனக்கு அது மூடத்தனம் மாதிரி இருந்தது. இந்தப் பகுதியைப் படித்தபிறகுதான் யோசித்தேன். புதிய நகரத்தின் கதையை, தன் சொந்தத் தெய்வத்தைத் தொட முடியாத ஒருவனிடமிருந்து கவிஞர் தொடங்குகிறார். அவன் வெல்வான் என்று காவியம் முழுக்கச் சொல்கிறது. ஆனால் என்ன விலைக்கு என்பதையும் அதே காவியம் முணுமுணுத்துக்கொண்டே வருகிறது. பின்னால் நடந்து வந்த மனைவி தொலைந்துபோவதும் அதே பகுதியில்தான். ரோமக் காவியத்தில் இரண்டு குரல் இருக்கிறது என்று நாங்கள் வகுப்பில் படித்தோம். எனக்கு இரண்டாவது குரல் இந்தக் கையில்தான் கேட்டது."

ஹென்ரிக் முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் சொல் விடாமல் எழுதினேன். அது பழக்கம். மனத்துக்குள் வேறொன்று நடந்தது. துடக்கோடு வளர்ந்தவள் நான். அந்த வரிகளை லத்தீனிலேயே எத்தனையோ தரம் வாசித்தவள். ஒரு தரமும் எனக்கு இது தோன்றவில்லை. ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை என் கண் முன்னால் அதை எடுத்து மேசையில் வைத்துவிட்டாள். பெருமைப்பட்டிருக்க வேண்டும். பொறாமைப்பட்டேன். இதை நான் எந்த அறிக்கையிலும் எழுதவில்லை, உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

அவள் வெளியே போனதும் ஹென்ரிக் சொன்னார்: "எனக்குப் பன்னிரண்டு. ஒரே ஒரு சந்தேகம். அந்த வீட்டு வழக்கம் பற்றிய பகுதி, அது பாடத்தோடு நிற்கிறதா, இல்லை சொந்தக் கதையா? என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. உங்களால் முடியும்."

முடியும். பாடத்திலேயே இருக்கிறது, ரோமருக்கும் அதே தூய்மை விதி இருந்தது, இது நான் கேட்ட மிக நல்ல வாசிப்பு என்று சொல்ல எனக்கு அரை நிமிடம் போதும். ஆனால் எனக்குக் கதவுக் கண்ணாடிதான் ஞாபகத்தில் நின்றது. தன் ஆளுக்குப் பன்னிரண்டு போட்டாள், முதலில் சாப்பிட்டாள், பிறகு போட்டாள் என்று இந்த மனிதர் நினைப்பார். நாளைக்கு இந்தப் பள்ளி முழுக்கக் கதைக்கும்.

"சொந்தக் கதை அதிகம். பாடத்திலிருந்து நேரத்தை எடுத்துவிட்டது. என்னுடைய கணக்கில் ஏழு" என்றேன்.

அவர் ஆச்சரியப்பட்டார். பத்துக்கூட வேண்டாமா என்று கேட்டார். நான் அசையவில்லை. கொஞ்ச நேரம் தன் தாளைப் பார்த்தார். பிறகு, "இந்த விஷயம் உங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் ஏழு என்றால் நான் மல்லுக்கட்ட மாட்டேன்" என்றார். நாங்கள் ஒத்துப்போகாவிட்டால் இரண்டு புள்ளிக்கும் நடுவே ஒன்று வந்திருக்கும், பிள்ளைக்குப் பத்து கிடைத்திருக்கும். அவர் என்னை நம்பியதால் அதுவும் போனது.

பிள்ளையைக் கூப்பிட்டுச் சொன்னோம். "நன்றி" என்றாள். அழவில்லை. என்னை ஒரு தரம் பார்த்தாள்.

கதவு திறந்ததும் சுகந்தி கொடியை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து மகளின் தலையில் தொப்பியை வைத்தார். அப்போதுதான் மகளுக்குப் பின்னால், மேசையில் உட்கார்ந்திருந்த என்னைக் கண்டார். "அட! அக்கா, நீங்களோ சென்சர்?" என்று சத்தமாகச் சிரித்தார். அவருக்கு அது நல்ல செய்தி. மகள் தாயின் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், டெனிஷில் தாயிடம் மெல்ல ஏதோ கேட்டாள். தாயின் சிரிப்பு நின்றுபோனது. ஹென்ரிக் கதவைச் சாத்தினார், அடுத்த பிள்ளை காத்திருந்தது.

பத்து நாள் கழித்து அந்தப் பள்ளியின் ரெக்டரிடமிருந்து, அதாவது அதிபரிடமிருந்து, கடிதம் வந்தது. கீர்த்தனா முறைப்பாடு செய்திருந்தாள். ஒரு பக்கம், கோபச் சொல் ஒன்றுமில்லை. தான் சொன்ன வாசிப்பு பாடத்தின் எந்த வரிகளில் நிற்கிறது என்று காட்டியிருந்தாள். கடைசியில், சோதனைக்கு முன் சென்சர் தன் தாயோடு கதைத்ததாகவும், தாய் அவருக்குச் சாப்பாடு கொடுத்ததாகவும், அது புள்ளியைப் பாதித்ததா என்று அறிய விரும்புவதாகவும் எழுதியிருந்தாள். கூட்டியதா குறைத்ததா என்றுகூட அவள் சொல்லவில்லை.

இந்த வேலையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், இப்படியான முறைப்பாட்டுக்கு மூன்று வரியில் பதில் எழுதினால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். "மதிப்பீடு பாட நோக்கங்களின்படி செய்யப்பட்டது." அந்த வசனம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். எழுதியும் பார்த்தேன். பிறகு என் குறிப்புத் தாளை எடுத்தேன். "மேலோட்டம்" என்றோ "சொந்தக் கதை" என்றோ எழுதியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு தப்பியிருப்பேன். அதில் அவள் சொன்னது மட்டும்தான் இருந்தது, வரிக்கு வரி. வாசிக்க வாசிக்க முகம் எரிந்தது. ஏழு என்று சொல்ல அந்தத் தாளில் ஒரு சொல்லும் இல்லை.

ஹென்ரிக்குக்கு ரெலிபோன் எடுத்தேன். நடைவழியில் நடந்ததை முழுக்கச் சொன்னேன். "நீங்கள் கண்ணாடி வழியாகப் பார்த்தீர்கள். சந்தேகப்படுவீர்கள் என்று பயந்தேன். அதனால்தான் ஏழு."



"பார்த்தேன்தான்" என்றார். "உங்களுக்குப் பசி என்று நினைத்தேன்."

அவ்வளவுதான் அவர் நினைத்தது. ஒருவரும் என்மேல் வைக்காத சந்தேகத்துக்குப் பயந்து நான் ஒரு பிள்ளையின் இடத்தைப் பறித்திருக்கிறேன். தமிழ்ச் சென்சர் தமிழ்ப் பிள்ளைக்குக் கூட்டிப் போட்டுவிடுவார் என்று எச்சரிக்க உங்களுக்கு நிறையப் பேர் வருவார்கள். குறைத்துப் போடும் கையைப் பற்றி ஒருவரும் சொல்ல மாட்டார்கள். குறைத்துப் போடும்போது நேர்மையாக இருப்பதுபோல ஒரு உணர்வு வேறு வரும். எனக்கு வந்தது.

அறிக்கையை இரண்டு பக்கம் எழுதினேன். தாயோடு கதைத்ததையும் சாப்பிட்டதையும் உடனே சொல்லியிருக்க வேண்டும் என்றும், சொல்லாததால் வரக்கூடிய சந்தேகத்துக்குப் பயந்து புள்ளியைக் குறைத்தேன் என்றும், சக ஆசிரியர் முதலில் பன்னிரண்டு என்றார் என்றும், மாணவியின் வாசிப்பு பாடத்தில் உறுதியாக நிற்கிறது என்றும் எழுதினேன். தாய் என்னை யாரென்று அறியாமல்தான் உபசரித்தார் என்பதையும் எழுதினேன். என் பள்ளி ரெக்டர் என்னைக் கூப்பிட்டு, கோப்பி ஊற்றித் தந்துவிட்டு, அடுத்த கோடையில் சென்சராகப் போகாமல் வீட்டில் இருங்கள் என்றார். நியாயம்தான். அதற்கடுத்த வருடம் திரும்பவும் அனுப்பினார்கள்.

ஆனால் நான் உண்மையை எழுதிவிட்டதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். வாய்மொழிச் சோதனையில் பழைய புள்ளியைத் திருத்தி எழுத வழியில்லை. புதிய சோதனைதான், புதிய ஆசிரியர், புதிய சென்சர், புதிய கேள்வி. ஓகஸ்ட்டில் போனாள். அவளுக்கு விழுந்தது படைகளின் அணிவகுப்பு. காவியத்திலேயே ஆட்கள் வாசிக்காமல் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகிற இடம். அதை வைத்துப் பத்து எடுத்தாள் என்று ஹென்ரிக் சொன்னார். அந்தக் கையைப் பற்றி அவள் சொன்னதற்குப் பன்னிரண்டு கிடைக்கவே இல்லை. மருத்துவிச்சிப் படிப்பின் இடங்கள் அதற்குள் நிரம்பிவிட்டன. அந்த ஒரு வருடம் தாய் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் உதவியாளராக வேலை செய்தாள். அடுத்த வருடம் இடம் கிடைத்தது, இப்போது மருத்துவிச்சியாக இருக்கிறாள். அந்த ஒரு வருடம் என்னால் போனது.

முறைப்பாடு முடிந்தபிறகு அவளுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதினேன். டெனிஷில்தான் எழுதினேன், அவளுக்கு அதுதான் வசதி என்று தெரியும். ஒரு கிழமை கழித்து நாலு வரியில் பதில் வந்தது.

"உங்கள் கடிதம் கிடைத்தது. அந்த ஏழு புள்ளி விஷயத்தை நானே பார்த்துக்கொண்டேன். அம்மா தன்னுடைய றோல்ஸால்தான் எனக்குக் குறைந்தது என்று நினைக்கிறார், வேலைக்கும் இப்போது ஒன்றும் செய்துகொண்டு போவதில்லை. நான் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன், எனக்கு அவ்வளவு தமிழ் இல்லை. நீங்கள் வந்து சொல்லுங்கள்."

சனிக்கிழமை எஸ்பியர்க்குக்குப் போனேன். பிள்ளை கதவைத் திறந்து, தலையை ஆட்டிவிட்டு, எங்களைச் சமையலறையில் விட்டுவிட்டு மேலே போய்விட்டாள். சுகந்தி என்னை இருத்தினார். நான் வாய் திறக்க முந்தியே தொடங்கினார்.

"என்னில தான் பிழை அக்கா. சோதனை நடக்கிற இடத்தில சாப்பாட்டை நீட்டினது நான். இந்த நாட்டில இவ்வளவு காலம் இருந்தும் எனக்கு அந்தப் பழக்கம் தெரியேல்ல. பிள்ளையின்ர வருசம் போச்சுது."

"இல்லை சுகந்தி" என்றேன். "நீங்கள் தந்ததில ஒரு பிழையும் இல்லை. உங்களுக்கு என்னை ஆரெண்டு தெரியாது. எனக்கு உங்களை ஆரெண்டு தெரியும், அடுத்தது உங்கட மகள் எண்டும் தெரியும். உங்கட மகள் சொன்னது பன்னிரண்டுக்குரியது. ஆக்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பினமோ எண்டு பயந்து நான் ஏழு எண்டனான். அது என்ர கோழைத்தனம். உங்கட சாப்பாட்டுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

டெனிஷில் எழுதிய இரண்டு பக்கத்தைவிட இது கடினமாக இருந்தது. அவர் மேசை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து விரித்துக்கொண்டு கேட்டார். மேலே பிள்ளை நடக்கிற சத்தம் கேட்டது. பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப அண்டைக்கு, 'தங்கச்சி, நான்தான் சென்சர், கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ' எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, அக்கா? நான் கோவிச்சிருக்க மாட்டனே. ஏன் சொல்லேல்ல?"

கோபத்தோடு கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளை எதிரே இருத்திக் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்கியவள் நான். அந்தச் சமையலறையில் நான்தான் எதிரே இருந்த பிள்ளை.